டயாலிசிஸ் மாலையும் மறுநாள் காலையும்: ஒரு முதியவரின் வீடியோ நாட்குறிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

வீடு தேடிச் சென்று வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை அளிக்கும் குழு ஒன்றில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். தன் முதுமையையும் நெருங்கி வரும் மரணத்தையும் தானே படம் பிடித்துவந்த ஒருவரின் கடைசி ஆண்டு இங்கே பதிவாகிறது. அவருடைய மனைவி, மகள், மகன் மூவரும் இதை எழுத எழுத்து மூலம் சம்மதம் தந்திருக்கிறார்கள். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வீடியோக்களில் அவர் பேச்சு வழக்கில் சொன்னவை இங்கே எழுத்து வழக்கில் தரப்பட்டுள்ளன.

பின்னணி

நோயாளிக்கு அப்போது 76 வயது. கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவர். கறுப்பு வெள்ளைக் காலத்தில் டார்க் ரூமில் தொழில் பழகியவர், கலர் லேப் வந்ததையும் கல்யாண வீடியோ வந்ததையும் சமாளித்தார். கைபேசியில் கேமரா வந்தபின் கடையை மூடிவிட்டார். கட்டடம் மட்டும் பூட்டியபடி இருந்தது. மனைவிக்கு 70 வயது. மகள் அரசுப் பள்ளி ஆசிரியை, அரை மணி நேர பஸ் பயணத் தொலைவில் வசிக்கிறார். மகனுக்கு ஷார்ஜாவில் வேலை.

இருபது ஆண்டுகளுக்கு மேலான சர்க்கரை நோய் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்துவிட்டது. 2020 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துவந்தார். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இதயமும் பலவீனம். 2023 ஆகஸ்டில் வலது கால் விரலில் புண் வந்து இரவெல்லாம் வலி தூங்கவிடாமல் செய்தது. சிறுநீரக மருத்துவர் அவரை எங்களிடம் அனுப்பியது அந்த வலிக்காகத்தான். நாட்குறிப்பு என்று ஒன்று இருப்பது அந்த மருத்துவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

நாட்குறிப்பு தொடங்கிய விதம்

அந்த ஆண்டு சித்திரையில், கோடை விடுமுறைக்கு வந்த பேரன் தன் பழைய கைபேசியை வைத்துவிட்டுப் போயிருந்தான். அடுத்த வாரமே பெரியவர் பதிவைத் தொடங்கிவிட்டார். எங்கள் செவிலியர் இரண்டாவது முறை போனபோது அவரே அதைக் காட்டினார். உள்ளடக்கத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. “லைட்டிங் சரியாக இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்” என்றுதான் கேட்டார்.

வெளிச்சம் சரியாகவே இருந்தது. வடக்கு பார்த்த ஜன்னலை ஒட்டி நாற்காலி. நேர் வெயில் படாத வடக்கு வெளிச்சம் ஒரே சீராக இருக்கும் என்பது பழைய ஸ்டூடியோக்காரர்கள் எல்லோரும் அறிந்தது. எதிரே ஸ்டூல், அதன்மேல் வாடிக்கையாளர்கள் வாங்காமல் விட்டுப்போன கல்யாண ஆல்பங்கள் அடுக்கடுக்காக. அந்த அடுக்கில் கைபேசி சாய்ந்திருக்கும். ஒவ்வொரு பதிவும் பேத்தியின் பழைய சிலேட்டோடு தொடங்கும். தேதியையும் நேரத்தையும் சாக்பீஸால் எழுதி, முகத்துக்கு முன் சில விநாடி பிடித்திருப்பார். படப்பிடிப்புப் பழக்கம் என்றுதான் அப்போது நினைத்தோம். சில மாதங்களில் அந்தச் சிலேட்டுத்தான் எங்களுக்குக் கைகொடுத்தது.

பதிவுகளில் இருந்தவை

பெரும்பாலான பதிவுகள் ஐந்து நிமிடத்துக்கு உட்பட்டவை. பலவற்றில் பேச்சே இல்லை. தன் உடம்பைப் படம் பிடிப்பதில் அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. இடது முன்கையில் டயாலிசிஸ் ஊசிக்காகச் சிரையையும் தமனியையும் இணைத்திருந்த இடம் முண்டு முண்டாகப் புடைத்திருந்தது. அதை மிக அருகில் எடுத்திருந்தார். ஃபிஸ்டுலா எனப்படும் அந்த இணைப்பு வேலை செய்தால் விரல் வைத்ததும் அதிர்வு தெரியும். “உள்ளே தேனீப் பெட்டி வைத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. இது நின்றால் நானும் நின்றேன்” என்பது அந்தப் பதிவில் அவர் சொன்ன வரி. சொல்லிவிட்டு மைக்கை அந்தக் கையின்மேல் வைத்து அதன் ஓசையைப் பதிவு செய்ய முயன்றிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. “பதிவாகவில்லை” என்று அலுத்துக்கொண்டு அணைத்துவிட்டார்.

முகத்தை அவர் பார்த்த விதம் தொழில்காரருடையது. டயாலிசிஸுக்கு முந்தைய காலைகளில் இமையும் கன்னமும் உப்பியிருப்பதை, மருத்துவமனைத் தராசு சொல்வதற்கு முன்பே அவர் கண்டுபிடித்துவிடுவார். “இன்று கண்ணுக்குக் கீழே இரண்டு கிலோ தண்ணீர்” என்று ஒருநாள் சொன்னார். மறுநாள் எடை ஏறத்தாழ அப்படியே இருந்தது. எங்கள் செவிலியர் அதன்பின் அந்தக் காலைப் பதிவுகளை விரும்பிப் பார்க்கத் தொடங்கினார்.

மரணத்தைப் பற்றிய பேச்சு ஸ்டூடியோ வழியாக வந்தது. அவர் காலத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பறைக்கு ஆள் அனுப்புகிற கையோடு ஸ்டூடியோவுக்கும் ஆள் அனுப்புவார்கள். உயிரோடு இருந்தவரை ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாத கிழவியை நாற்காலியில் உட்காரவைப்பார்கள். தாடையைத் துணியால் கட்டி நெற்றியில் காசு ஒட்டுவார்கள். பின்னால் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். ஒரே ஒரு படம். சில குடும்பங்கள் கண் திறந்திருக்கும்படி ‘டச்சிங்’ செய்து தரச் சொல்லும். பிரிண்டின் மேல் மெல்லிய தூரிகையால் கண் வரைவது அவருக்குக் கைவந்த வேலை.

அக்டோபர் மாதப் பதிவு ஒன்றில் இதைச் சொல்லிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். “வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. அரை விநாடி, ஒரு விநாடி ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். நிற்கிறவர்கள் அழுவார்கள், அசைவார்கள், கலங்கிப் போவார்கள். செத்தவர் முகம் மட்டும்தான் படத்தில் துல்லியமாக விழும். இத்தனை வருடத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. இப்போது என் படத்தைப் பார்க்கிறேன், கை நடுங்கி எல்லாம் கலங்கித்தான் இருக்கிறது. நல்லது.” என் பணிக்காலத்தில் இறப்பைப் பற்றி நோயாளிகள் சொல்லக் கேட்டவற்றில் இதைத் தாண்டி எதுவும் என் மனதில் நிற்கவில்லை. அவர் இதை யாரிடமும் நேரில் சொன்னதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். நாங்கள் கேட்டபோதெல்லாம் “நல்லாயிருக்கிறேன்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இன்னொரு வகைப் பதிவுகளும் உண்டு. “போதும். இனிமேல் ஊசி குத்தக் கூடாது. யாரும் என்னை வண்டியில் ஏற்றக் கூடாது” என்பது போன்றவை. முகம் வெளிறி, சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கும். அதே கைபேசியில், “2028 மகாமகத்துக்குக் குளக்கரையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுவிடு, உட்கார்ந்தே எடுக்கிறேன்” என்று மகனை நோக்கிச் சிரித்துப் பேசும் பதிவும் இருந்தது. 1992 மகாமகத்தில் நெரிசலில் பலர் இறந்த நாளில் அவர் கேமராவோடு குளக்கரையில் இருந்தவர். 2004, 2016 இரண்டையும் எடுத்தவர். அடுத்ததையும் எடுக்க வேண்டும் என்ற ஆசை வெறும் பேச்சாக எனக்குத் தோன்றவில்லை.

குடும்பத்தில் எழுந்த பிணக்கு

2023 நவம்பரில் கைபேசி நிறைந்துவிட்டது. ஒரு நிமிட வீடியோ நூறு எம்.பி. அளவுக்கு இடம் பிடிக்கும்போது பழைய கைபேசி எத்தனை மாதம் தாங்கும்? இடம் உண்டாக்கித் தரும்படி மகளிடம் கொடுத்தார். மகள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கையில் “போதும்” என்ற பதிவு கண்ணில் பட்டது. அன்றிரவே அதைத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, “அப்பாவை வதைக்கிறோம், நிறுத்திவிடலாம்” என்று எழுதினார்.

தம்பியிடம் வேறொரு வீடியோ இருந்தது. மகாமகப் பதிவை அப்பாவே அவருக்கு அனுப்பியிருந்தார். “வாழ வேண்டும் என்று அப்பா என்னிடம் சொல்கிறார், நீ சாகடிக்கப் பார்க்கிறாய்” என்று பதில் வந்தது. அடுத்த பத்து நாட்களும் வாட்ஸ்அப் குழுவில் அதே சண்டைதான். இருவரும் தங்களிடம் இருப்பதே அப்பாவின் கடைசிச் சொல் என்று நம்பினார்கள். எது முந்தியது என்று தேதி பார்த்தும் தெளிவு பிறக்கவில்லை. அவர்கள் பார்த்தது வாட்ஸ்அப்பில் தெரிந்த அனுப்பிய தேதியை, சிலேட்டை அல்ல. தாயார் இரண்டையும் பார்க்க மறுத்துவிட்டார். “அவர் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறார், அவரைக் கேளுங்கள்” என்பதுதான் அவருடைய ஒரே வாதம். அந்த வீட்டில் அப்போது தெளிவாக இருந்தவர் அவர் ஒருவரே.

மகள் எங்களை அழைத்து, வீடியோக்களைப் பார்த்து அப்பாவின் உண்மையான விருப்பம் எது என்று சொல்லும்படி கேட்டார்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

தீர்ப்புச் சொல்ல மறுத்தோம். நாட்குறிப்பு ஒரு மனிதர் தன்னோடு பேசிக்கொள்வது. அதில் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. அங்கே கட்டளையைத் தேடுகிறவருக்கு வேண்டிய கட்டளை கிடைத்துவிடும் என்பதுதான் ஆபத்து. அக்காவுக்கும் தம்பிக்கும் அதுதான் நடந்தது.

பார்க்க மட்டும் ஒப்புக்கொண்டோம், அதுவும் அவர் அனுமதியோடு, அவர் பக்கத்தில் இருக்கும்போது. சிலேட்டில் இருந்த தேதியையும் நேரத்தையும் டயாலிசிஸ் அட்டையோடு ஒப்பிட்டோம். ஒரு ஒழுங்கு புலப்பட்டது. “போதும்” என்ற பதிவுகள் ஏறக்குறைய எல்லாமே டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்பிய மாலைகளில் எடுத்தவை. மகாமகம், சாப்பாடு, பேத்தியின் படிப்பு எல்லாம் மறுநாளோ அதற்கடுத்த காலையிலோ எடுத்தவை. மனம் மாறிக்கொண்டே இருந்தது என்பதைவிட உடம்பு மாறிக்கொண்டே இருந்தது என்பதே பொருத்தம்.

அதனால் டயாலிசிஸை நிறுத்துவதா வேண்டாமா என்ற பேச்சைத் தள்ளிவைத்து, அந்த மாலைகளைச் சரிசெய்ய முடியுமா என்று முதலில் பார்க்க முடிவெடுத்தோம். தீர்க்கக்கூடிய துன்பத்தில் ஒருவர் “போதும்” என்றால், அதை உடனே இறுதி விருப்பமாக எடுத்துக்கொள்வது அவருக்கு மரியாதை ஆகாது. சிறுநீரக மருத்துவர் இதை வரவேற்றார். டயாலிசிஸின்போது அவருக்கு ரத்த அழுத்தம் சரிவதும் கெண்டைக்கால் பிடித்து இழுப்பதும் ஏற்கெனவே குறிப்பில் இருந்தன. டயாலிசிஸ் நாள் காலையில் ரத்த அழுத்த மாத்திரை நிறுத்தப்பட்டது. நீர் எடுக்கும் வேகம் குறைக்கப்பட்டு, டயாலிசிஸ் முடிவில் இருக்க வேண்டிய இலக்கு எடை சற்று உயர்த்தப்பட்டது. கால் எரிச்சலுக்கு அவர் எடுத்துவந்த கபாபென்டின் மாத்திரை சிறுநீரகம் வழியாக மட்டுமே வெளியேறுவது. சிறுநீரகம் செயலிழந்தவரின் உடலில் அது தேங்கி மயக்கமும் குழப்பமும் தரும். அளவைக் குறைத்து, டயாலிசிஸ் முடிந்த பிறகு மட்டும் கொடுத்தார்கள். மனச்சோர்வுக்கான கேள்விகளைக் கேட்டோம். துக்கம் இருந்தது, சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு இல்லை என்று மருத்துவர் கருதினார்.

பொங்கலுக்குள் மாலைப் பதிவுகளின் தொனி மாறியது. “போதும்” அடியோடு மறையவில்லை. அரிதாகிவிட்டது, அதோடு இடமும் மாறியது. 2024 ஜனவரியில், டயாலிசிஸ் இல்லாத ஒரு காலையில், மூச்சு வாங்காமல், நிதானமாகச் சொன்ன பதிவை அவரே எங்களுக்குக் காட்டினார். “இப்படியே ஓடினால் ஓடட்டும். காலை வெட்டி எடுக்க வேண்டும் என்றால் வேண்டாம். படுக்கையில் கிடத்தி வைத்து மெஷினில் ஓட்டுவது வேண்டாம். அந்தக் கட்டம் வந்தால் டயாலிசிஸையும் நிறுத்திவிடுங்கள்.” இதைக் கேட்டபின்தான் பேச்சுவார்த்தைக்கு நேரம் வந்ததாக உணர்ந்தோம்.

எழுத்தில் வைத்தது

பொங்கல் விடுப்பில் மகன் வந்திருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டிலேயே கூடினோம். அந்தப் பேச்சைப் படம் பிடிக்க வேண்டாம் என்று பெரியவரிடம் கேட்டுக்கொண்டோம். அவருக்கு அதில் வருத்தம்தான். “படம் இல்லாத பேச்சுக்கு யார் சாட்சி?” என்றார். கேமரா ஓடினால் பிள்ளைகள் அப்பாவிடம் பேசுவதை விட்டுவிட்டுப் பிற்காலத்துக்குப் பேசுவார்கள் என்பது எங்கள் கவலை. காரணத்தைச் சொன்னதும் ஏற்றுக்கொண்டார்.

“வீடியோவில்தான் தெளிவாகச் சொல்லிவிட்டாரே, பிறகு எதற்கு எழுத்து” என்று மகன் கேட்டார். நியாயமான கேள்வி. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அளித்த தீர்ப்பில், குணமாக வாய்ப்பில்லாத நிலையில் உயிர்காக்கும் சிகிச்சையை மறுக்கும் விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை ஏற்றது. ‘லிவிங் வில்’ என்று சொல்லப்படும் அந்த ஆவணத்தில் குற்றவியல் நடுவரின் மேலொப்பம் வேண்டும் என்று இருந்ததால் நடைமுறையில் அதைச் செய்தவர்கள் மிகக் குறைவு. 2023 ஜனவரி 24 அன்று நீதிமன்றம் அதை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அலுவலரிடமோ சான்று பெற்றால் போதும். ஒருவருக்கு மேற்பட்டோரைத் தன் சார்பில் முடிவெடுக்கப் பெயர் குறிப்பிடலாம். வீடியோ இதற்கு மாற்று ஆகாது. ஆவணம் எழுதும் முன் என்ன யோசித்தார் என்பதைப் புரிந்துகொள்ள உதவலாம், அவ்வளவுதான்.

மகள், மகன் இருவர் பெயரையும் சேர்த்தே எழுதச் சொன்னார். ஒருவரை மட்டும் குறிப்பிட்டால் மற்றவர் ஆயுளுக்கும் மன்னிக்க மாட்டார் என்பது அவர் கணக்கு. பிப்ரவரியில் நோட்டரி முன்னிலையில் கையெழுத்தானது. வீட்டிலும் மருத்துவமனைக் கோப்பிலும் பிள்ளைகளிடமும் ஒவ்வொரு நகல் வைத்தோம். உள்ளாட்சி அலுவலகத்திலும் ஒரு நகல் கொடுக்க வேண்டும். அங்கே இப்படியொரு ஆவணத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. தீர்ப்பின் நகலைக் கையோடு கொண்டுபோனதால்தான் வாங்கி முத்திரை போட்டார்கள்.

வீடியோக்களை யார் பார்ப்பது

அதே மாதம் இன்னொரு வேலையையும் செய்தோம். பதிவுகளை என்ன செய்வது என்று அவரிடமே கேட்டோம். அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. மூன்று போல்டர்கள் போடச் சொன்னார்: எல்லோருக்கும், அவளுக்கு மட்டும் (மனைவியைத்தான் சொன்னார்), அழி.

‘அழி’யில் முதலில் போனவை டயாலிசிஸ் அறையில் எடுத்தவை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் முகம் அவற்றில் தெரிந்தது. அவர்கள் சம்மதம் இல்லாமல் வைத்திருக்க முடியாது என்று சொன்னதும் தயங்காமல் அழித்தார். எங்கள் செவிலியர் தெரிந்த பதிவுகளுக்கு அவரிடம் தனியாகச் சம்மதம் வாங்கினோம்.

கடினமாக இருந்தது மனைவி தெரிந்த பதிவுகள்தான். கேமரா ஓடுவது தெரியாமல் அந்த அம்மா அவருக்கு உடம்பு துடைத்துவிட்டதும், சாம்பாரில் உப்பு கேட்டதற்குத் திட்டியதும், ஒருமுறை ஜன்னல் ஓரம் நின்று அழுததும் பின்னணியில் பதிவாகியிருந்தன. அவருக்குக் காட்டியபோது கோபம் வந்தது. “என்னைக் கேட்காமல் எப்படி எடுக்கலாம்?” என்று கணவரைப் பார்த்துக் கேட்டார். நாற்பத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் கேட்டு எடுத்த படம் எது என்று அவர் பதிலுக்குக் கேட்க, கொஞ்சம் சிரிப்பும் வந்தது. கடைசியில் அந்த அம்மா எடுத்த முடிவு எங்களில் யாரும் எதிர்பாராதது. அழுததையும் உடம்பு துடைத்ததையும் அழிக்கச் சொன்னார். திட்டியதை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இங்கே ஒன்றைக் குறிப்பிடலாம். கனடாவின் வின்னிபெக்கில் மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினாவ் உருவாக்கிய ‘டிக்னிட்டி தெரபி’யில் நோயாளியின் பேச்சைப் பதிவு செய்து எழுத்தாக்குவார்கள். அதைச் செப்பனிட்டு அவருக்கே வாசித்துக் காட்டுவார்கள். அவர் திருத்திய பிறகே குடும்பத்துக்குப் போகும். புண்படுத்தும் சொல் ஏதாவது தெரியாமல் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்கே அந்த ஏற்பாடு. கைபேசி நாட்குறிப்பில் அந்த இடைநிலை இல்லை. நினைவுக்காக வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நோயாளிகளை ஊக்குவிக்கும் பழக்கம் எங்களைப் போன்ற குழுக்களில் பரவி வருகிறது. எனக்கு அதில் அவ்வளவு உற்சாகம் இல்லை. எடுப்பது சுலபம். யாருக்காக எடுக்கிறோம் என்று கேட்பவர் யாரும் இல்லை.

கடைசி வாரங்கள்

2024 ஜூனில் கால் விரல் கறுத்து, அழுகல் பாதத்துக்கு ஏறியது. முழங்காலுக்கு மேல் எடுக்க வேண்டும் என்றார் அறுவை மருத்துவர். இதயம் அதைத் தாங்குமா என்பது ஐயம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். பெரியவர் மறுத்தார். ஆனால் உடனே டயாலிசிஸை நிறுத்தச் சொல்லவில்லை. இன்னும் சில நாள் பார்க்கலாம் என்றார். ஆவணத்தில் எழுதியபடி நிறுத்துவதுதானே என்று மகள் கேட்டார். சுயநினைவோடு பேசும் மனிதர் இருக்கும்போது ஆவணத்துக்கு வேலை இல்லை என்று விளக்கினோம். அவர் பேச முடியாமல் போகும் நாளுக்காக எழுதியது அது.

ஜூலை முதல் வாரத்தில் டயாலிசிஸ் பாதியிலேயே ரத்த அழுத்தம் விழுந்து, இயந்திரத்திலிருந்து கழற்ற வேண்டியதாயிற்று. அன்று மாலை, “இனி வேண்டாம்” என்றார். நாங்கள் ஏற்றுக்கொண்டோம், ஆனால் மறுநாள் காலை வரை காத்திருந்தோம். மாலைச் சொல்லைப் பற்றி நாங்கள் அறிந்திருந்தது அப்படி. மறுநாளும் அதையே சொன்னார். அடுத்த டயாலிசிஸ் நாளன்று, மகன் வீடியோ அழைப்பில் இருக்க, மூன்றாவது முறை கேட்டோம். “எத்தனை டேக் எடுப்பீர்கள்?” என்று கேட்டுவிட்டு அதே பதிலைச் சொன்னார். மறுப்புக் கடிதத்தில் அவரே கையெழுத்திட்டார். மகன் இரண்டாம் நாள் வந்து சேர்ந்தார்.

டயாலிசிஸை நிறுத்தினால் பொதுவாக ஒரு வாரம் பத்து நாள் என்று குடும்பத்திடம் சொல்லியிருந்தோம். சிறுநீர் ஓரளவு பிரிகிறவர்களுக்கு இன்னும் நீளலாம். வலிக்கு மார்ஃபினைத் தவிர்த்து ஃபென்டனில் ஒட்டுப்பட்டை வைக்கப்பட்டது. சிறுநீரகம் இயங்காதபோது மார்ஃபின் உடலில் சிதைந்து உண்டாகும் பொருட்கள் தேங்கி, உடம்பு வெட்டி இழுப்பதும் குழப்பமும் வரும். குமட்டலுக்குக் குறைந்த அளவில் ஹாலோபெரிடால். வெட்டி இழுப்பு வந்தபோது க்ளோனசெபாம். இத்தனை காலமும் அளந்து குடித்த தண்ணீரை இனி அளக்க வேண்டாமா என்று கேட்டார். மூச்சுத்திணறல் வராதபடி கொஞ்சமாகத்தான் என்றோம். பொட்டாசியத்துக்குப் பயந்து நான்கு ஆண்டுகள் தொடாமல் இருந்த இளநீரை இரண்டு வாய் குடித்தார். மருத்துவ ரீதியாக அதை விலக்க இப்போது காரணம் இருக்கவில்லை.

நிறுத்திய பின்னும் மூன்று பதிவுகள் எடுத்தார். அதற்குப் பிறகு கைபேசியைக் கேட்டு வாங்குவார், தூங்கிவிடுவார். மகன் தானே எடுக்கட்டுமா என்று கேட்டார். தாயார் வேண்டாம் என்றார், நாங்களும் அவர் பக்கம் நின்றோம். பட்டனை அழுத்துகிறவர் அவராக இருந்தவரைதான் அது அவருடைய நாட்குறிப்பு. நினைவு தப்பிய மனிதரைப் பிறர் எடுப்பதற்கு அவர் சம்மதம் தந்ததாக எந்தப் போல்டரிலும் இல்லை. மகனுக்கு இந்த முடிவில் மனக்குறை இருந்தது, இன்னும் இருக்கிறது.

நிறுத்திய ஒன்பதாம் நாள் விடியற்காலையில் வீட்டிலேயே இறந்தார். எங்கள் மருத்துவர் வந்து சான்றளித்தார். சட்டப்படியான 21 நாட்களுக்குள் இறப்புப் பதிவும் முடிந்தது.

அதன் பிறகு

கண்ணீர் அஞ்சலி பேனருக்கு எந்தப் படம் என்ற பேச்சுக்கு இடமே இருக்கவில்லை. ஒரு பதிவில் தன் படங்களை ஒவ்வொன்றாகக் கேமராவுக்குக் காட்டி, “இது பாஸ்போர்ட் முகம்”, “இதில் கழுத்தில் நிழல்” என்று தள்ளிவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார். தன்னை நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். உறவினர் சிலர் முணுமுணுத்தார்கள், ஆனால் அப்படியே நடந்தது.

பதினாறாம் நாள் காரியத்தில் மண்டபத்தில் வீடியோ போட வேண்டும் என்று மகன் விரும்பினார், மகள் எதிர்த்தார். ‘எல்லோருக்கும்’ போல்டரில் சாவுப் படங்களைப் பற்றிய அக்டோபர் பதிவு இருந்தது. அதைப் போட்டார்கள். சாப்பிட வந்தவர்கள் பாதியில் எழுந்து வந்து நின்று பார்த்ததாக மகள் சொன்னார்.

எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று எழுத முடியாது. ஒரு பதிவில், ஸ்டூடியோ கட்டடம் மகளுக்கு என்று சொல்லியிருந்தார். உயில் எதுவும் எழுதவில்லை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி, உயிலில் எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் சான்றொப்பமும் வேண்டும். கேமராவைப் பார்த்துச் சொன்னது உயிலாகாது. மருத்துவ விருப்பத்தை எழுதிவைக்கும் அமர்வில் சொத்துப் பேச்சு எங்கள் வரம்புக்கு வெளியே என்று ஒதுக்கியிருந்தோம். அக்கா தம்பிக்குள் அந்தக் கட்டடம் பற்றிய பேச்சு இப்போதும் முடியாமல் இருக்கிறது.

துக்கம் கொண்டாடிய விதமும் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. மகள் பல மாதம் இரவில் தூங்காமல் திரும்பத் திரும்பப் பார்த்தார், பெரும்பாலும் டயாலிசிஸ் மாலைப் பதிவுகளை. நாங்கள் மூன்றாம் மாதம் போனபோது உடல் மெலிந்திருந்தார். அவரை ஆலோசகரிடம் அனுப்பினோம். பார்க்க வேண்டாம் என்று ஆலோசகர் தடுக்கவில்லை, காலைப் பதிவுகளையும் சேர்த்துப் பாருங்கள் என்றார். மகன் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. தாயார் ‘அவளுக்கு மட்டும்’ போல்டரை இதுவரை பார்த்தாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

நடைமுறையில் மாற்றியவை

நோயாளி படமோ ஒலியோ பதிவு செய்துவருகிறார் என்று தெரிந்த முதல் சந்திப்பிலேயே, இவற்றை யார் பார்க்கலாம், எவற்றை அழிக்க வேண்டும் என்று இப்போது கேட்கிறோம். நோய் முற்றிய பிறகு கேட்டால் பதில் சொல்ல அவருக்குத் தெம்பு இருக்காது. கைபேசியைத் திறக்கும் ரகசிய எண், கூகுள் கணக்கு இரண்டையும் யாரிடம் ஒப்படைப்பது என்பதும் அதே பட்டியலில் சேர்ந்திருக்கிறது.

பதிவுகளை வாட்ஸ்அப் வழியாகப் பரிமாற வேண்டாம் என்கிறோம். மூலக் கோப்பை ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். தேதியைத் திரையிலேயே தெரியும்படி எழுதிக் காட்டும் அந்தப் பழக்கத்தை மற்ற நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கிறோம். மருந்து மாற்றங்களின் பலனைப் பார்க்கவும் அது உதவுகிறது.

சிகிச்சையை நிறுத்தக் கேட்கும் எவரிடமும், சிகிச்சை முடிந்த களைப்பு இல்லாத வேளையில் குறைந்தது இரண்டு முறை கேட்பது எங்கள் குழுவின் எழுதப்பட்ட விதியாகிவிட்டது. மருத்துவ விருப்ப ஆவணம் எழுதும்போது சொத்து பற்றி நாங்கள் பேசுவதில்லை. உயில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு, இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் முகவரியைக் கொடுத்துவிடுகிறோம். வீட்டில் பராமரிக்கிறவர் பதிவில் விழுந்திருந்தால் அவர் பார்க்கும் முன் வேறு எவரும் அதைப் பார்க்கக் கூடாது என்ற விதியும் உண்டு. அதை முன்மொழிந்தவர் எங்கள் செவிலியர். வீட்டுக்கு வீடு அதை நடைமுறைப்படுத்துவது சுலபமாக இல்லை, பிள்ளைகளில் யாராவது அதற்கு முன்பே பார்த்துவிட்டிருக்கிறார்கள்.